வேப்பமரம் வரைக்கும் சைக்கிள்

அலுவலக உதவியாளர் வேலை ஒன்றே ஒன்று. எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டும், சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. தருமபுரியில் அந்த அரசு அலுவலக வாசலில் காலை ஒன்பது மணிக்கே நூற்று நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள். எம்.பில். முடித்தவர்களே பன்னிரண்டு பேர். பொம்மிடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஆரோக்கிய பிரவீன் எம்.இ. மெக்கானிக்கல். வயது இருபத்தொன்பது. இதுவும் கை நழுவினால் வீட்டில் அம்மா வேளாங்கண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவன் கவலை.

அவன் நீட்டிய எம்.இ. சான்றிதழை சூப்பிரண்டு வெங்கடாசலம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எட்டாவது பாஸுன்னு எங்க போட்டிருக்கு?”

“எட்டாவது பாஸ் பண்ணாம எம்.இ. எப்படிங்க சார் முடிக்க முடியும்?”

“அதை நான் எப்படிங்க நம்பறது?”

நல்லவேளை, பையின் அடியில் எட்டாவது மார்க் ஷீட் கிடந்தது.

சைக்கிள்தான் பிரச்சினை. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளை ஒருநாள்கூட மிதிக்காமல் விற்ற மகானுபாவன் அவன். பத்து நாளாகத் தங்கை பிளசி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிளில், முழங்கால் தாடையில் இடிக்க இடிக்கப் பழகியிருந்தான். நேராகப் போவான். திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது.

கேட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஓட்ட வேண்டும், அதுதான் தேர்வு. தேர்வு நடத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. சைக்கிள் வரவில்லை. அத்தனை கூட்டத்திலும் சைக்கிளோடு வந்தது பாஞ்சாலி ஒருத்திதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், நல்லம்பள்ளியிலிருந்து மிதித்தே வந்திருந்தாள்.

“எடுத்துக்கங்க சார். எல்லாரும் ஓட்டட்டும்,” என்று அவளே கொடுத்தாள்.

பத்தாவது ஆள் பெல்லை உடைத்தார். முப்பதாவது ஆளோடு பிரேக் போனது. அறுபதாவது டோக்கன் பிரவீன். ஏறினான், நேராகப் போனான், போய் வேப்பமரத்திலேயே மோதினான். எழுந்து பார்த்தால் முன்சக்கரம் அப்பளமாய் நெளிந்து கிடந்தது.

தோற்றோம் என்று நினைத்தான். வெங்கடாசலம் ‘ஓட்டத் தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரம் வரைக்கும் போய்விட்டானே!

“அறுபத்தொண்ணு, பாஞ்சாலி!”

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். “எதை ஓட்டறதுங்க சார்?”

“சரி, மீதிப் பேருக்கு வேற நாள்.”

“அப்ப நானும் அன்னைக்கே வர்றேனுங்க.”

“அவங்களை இன்னும் கூப்பிடலை. உங்களைக் கூப்பிட்டாச்சே. கூப்பிட்டு ஓட்டலைன்னா தெரியாதுன்னுதான் எழுதணும்.”

“சார், இந்த அக்கா நல்லம்பள்ளியிலிருந்து ஓட்டிக்கிட்டு வந்தாங்க,” என்றான் பிரவீன்.

“நான் பாக்கலையே.”

பிரவீனுக்கு வெட்கமாக இருந்தது. போட்டிக்கு ஒரு ஆள் குறைந்ததே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் தலைகாட்டியது. அதை நினைத்தபோது இன்னும் வெட்கமாகப் போயிற்று. சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தான். ரிப்பேர் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்றார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“நீங்க என்னங்க தம்பி படிச்சிருக்கீங்க?”

“மெக்கானிக்கல் இன்ஜினியரிங், அக்கா. எம்.இ.”

பாஞ்சாலி நின்றுவிட்டாள். பெயர் கூப்பிட்டதிலிருந்து வாடிக் கிடந்த முகம் அப்போதுதான் தெளிந்தது.

“அட, முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? அப்புறம் கடை எதுக்கு? நீங்களே நேராக்கிக் குடுங்க.”

சைக்கிளைப் புளியமர நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, முழு நம்பிக்கையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரவீன் சக்கரத்தின் முன்னால் குந்தினான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான்.