எண்ணெய் பட்ட கம்பி

...மேலே தளத்தில் விரிசல்தான், வேறென்ன, சிலந்தி நூல் என்று போன வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சிலந்தி நூல் இவ்வளவு நேராகவா போகும், உள்ளே கம்பி போகிற வழியிலேயே போகிறதே, அதற்கு நேர் கீழே தரையில் குப்புறப் படுத்து என் தங்கை மகள் இளவேனில் படம் வரைகிறாள், பூசைக்குப் போய் வந்த பாவாடையைக்கூட மாற்றவில்லை, அடுக்களையில் தங்கை சகாயசெல்வி அண்ணனுக்கென்று கறி வதக்குகிறாள்... தொண்ணூற்றேழில் இந்தத் தளத்துக்கு இன்ஜினியர் நான்தான். கான்கிரீட்டைத் தாங்கும் பலகைக்கு எண்ணெய் பூசிய பிறகுதான் கம்பி கட்ட வேண்டும், பலகை காய்ந்துவிட்டதே என்று கம்பி கட்டி முடித்த பிறகு இன்னொரு தடவை பூசச் சொன்னவனும் நான்தான். லாரியில் வடித்த பழைய எண்ணெய், கம்பியெல்லாம் கறுப்பாக மினுங்கியது. "சார், செத்த நேரம் கலவை மிசினை நிறுத்துங்க, கம்பியைத் தொடச்சிருவோம், இப்படியே போட்டா பிடிக்காது" என்றார் கொத்தனார் சுருளிவேல். தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் எரியோட்டிலிருந்து வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் ஒரு கொத்தனார் எனக்குச் சொல்வதா, "படிச்சது நானா நீயா சுருளி, கொட்டச் சொல்லு" என்றேன்.

எனக்குத் தெரியாததா அது, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இந்தக் கையாலேயே இழுத்துப் பார்த்தது, சுத்தமான கம்பியை இழுத்தால் கான்கிரீட் கட்டையே பிளந்தது, எண்ணெய் பூசிய கம்பியோ வெந்த பனங்கிழங்கின் நடு நரம்பு மாதிரி சும்மா உருவிக்கொண்டு வந்தது... அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். நாலு கந்தல் துணி, ஒரு டின் மண்ணெண்ணெய், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது, என் வீராப்பு இடம் கொடுக்கவில்லை. இன்றைக்குத் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பி வந்தேன், போன தடவையும் அப்படித்தான் வந்தேன், வருகிறவர்களிடமெல்லாம் "எங்கண்ணன் கட்டுனது" என்கிறாளே, அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருக்கிறது போல, வெட்கமாக இருக்கிறது.

"என்னண்ணே, எப்ப வந்தாலும் அந்தச் செவுத்தோரமாவே உக்காந்துக்கிட்டு, ஃபேனுக்குக் கீழ வாண்ணே, வேர்க்குது பாரு" என்று கரண்டியோடு எட்டிப் பார்க்கிறாள். "இருக்கட்டும்மா, இங்கனயே நல்லாத்தான் இருக்கு" என்று வாய் தானாகச் சொல்கிறது. எப்போது வந்தாலுமா... கிறிஸ்துமஸ், பிள்ளையின் ஞானஸ்நான விருந்து, மச்சான் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்தது, ஆமாம், ஒவ்வொரு தடவையும் சுவரோரம்தான், தளம் இறங்கினாலும் சுவரோரம் விழாது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக என்னை மட்டும் பத்திரமாக ஒதுக்கி உட்காரவைத்திருக்கிறேன், அங்கே படுக்காதே என்று இந்தப் பிள்ளையிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.