குளிரறைக்குள் வந்த திமிங்கிலம்

கனடாவின் மிசிசாகா நகரில் றொய்சன் நடத்திய மீன் கிடங்கில்தான் நிரோஷினிக்கு வேலை. ரெக்ஸ்டேலில் அவள் வாடகைக்கு இருந்ததும் அவன் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில்தான். அவளுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை.

அன்று மத்தியானம் குளிரறைக்குள் பெட்டிகளில் ‘டூனா மீன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டி கிழிந்து, உறைந்த துண்டொன்று அவள் காலடியில் விழுந்தது. தடித்த கறுப்புத் தோல். அதன் கீழே கையளவு வெள்ளைக் கொழுப்பு. அதற்கும் கீழே மாட்டிறைச்சியைவிடக் கறுத்த சிவப்பு. பெட்டியில் பழைய ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அதில் திமிங்கிலப் படம்.

திமிங்கில இறைச்சி விற்பது குற்றமென்று அவளுக்குத் தெரியும். நாளைக்குப் பிடிபட்டால், ஒட்டிய கை இவளுடையது என்றுதானே சொல்வார்கள்? போனை எடுத்துப் படம் பிடித்து, கால் சப்பாத்துக்குள் செருகினாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. றொய்சன் உள்ளே நின்றான்.

“என்ன பிள்ளை, பெட்டி உடைஞ்சிட்டுதோ?”

“ஓம் அண்ணை. உது... மீன் இல்லைப் போல.”

“உனக்கேன் உது? ஸ்டிக்கரை ஒட்டு.” அவன் கதவில் சாய்ந்தான். “போன் எங்க?”

“லொக்கருக்குள்ள, அண்ணை.”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அவள் பற்கள் கிடுகிடுத்தன. குளிரால் என்று அவன் நினைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

“உன்ர கேஸ் இழுபடுதெல்லே? நான் இமிகிறேசனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் காணும், திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். விளங்குதோ?”

“விளங்குது.”

கதவைத் திறந்துவிட்டான்.

வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏறியவள் தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை. அங்கே இறங்கினால் அவன் வீடுதான். யன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை வான் வண்டி பஸ்ஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது. அவனுடையதா, வேறு யாருடையதா? குனிந்தே இருந்தாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தபோது வானைக் காணவில்லை. போனை எடுத்து உதவிக்கு அழைத்தாள்.

யூனியன்வில்லில் இருந்த சிநேகிதி தக்ஷிகா காரில் வந்து ஏற்றிக்கொண்டாள். படத்தைப் பார்த்தவள், வனவிலங்கு அதிகாரிகளின் இலக்கத்தைத் தேடி அழைத்தாள்.

“உன்ர பேர் கேக்கினம். சொல்லட்டோ?”

“சொன்னால் என்ர கேஸ்?”

“தெரியேல்லையடி. லோயரிட்ட கேப்பம்.”

நிரோஷினி போனை வாங்கி, தானே பெயரைச் சொன்னாள்.

அடுத்த கிழமை அதிகாரிகள் வந்து கிடங்கைப் பூட்டி, பெட்டிகளை லொறியில் ஏற்றிப் போனார்கள். றொய்சன்மீது வழக்குப் பதிந்தார்கள். சாட்சி சொன்னதால் கேஸுக்குக் கேடில்லை என்றார் லோயர். ஆனால் றொய்சன் பிணையில் வெளியே வந்துவிட்டான். நிரோஷினி இப்போது தக்ஷிகா வீட்டில் இருந்தாள். தக்ஷிகா வேலைக்குப் போனபின் அழைப்பு மணி அடித்தால், அவன்தானோ என்று மூச்சுவிடாமல் நிற்பாள்.