உடும்பின் கைகுலுக்கல்

விமானத்தில் செத்தவர்களின் குடும்பங்கள் கூடினால் அடிதடி இல்லாமல் கலைந்ததில்லை. அன்றைக்கு முதல் அடியைக் கொடுத்தவர் உடும்பு. வாங்கியது அவருடைய மருமகன்.

உடும்பு லாரி டயர் கடைக்காரர். துருவேறிய சக்கரத்திலிருந்து டயரைப் பெயர்த்தெடுக்கிற கை. பிடித்தால் விடாது, அதனால் அந்தப் பெயர். அவருடைய ஒரே மகள் அந்த விமானத்தில் போனாள். சரக்கோடு சரக்காக எவனோ ஏற்றிய பெட்டி வெடித்து, விமானம் நடுவானில் பிளந்து, ஆட்கள் இருக்கையோடு வந்து வயலில் விழுந்தார்கள். அடையாளம் காட்டப் போன உடும்புக்கு ஒரு காலை மட்டும் காட்டினார்கள். விரல்களைப் பார்த்துவிட்டு, "என் பொண்ணுதான்" என்றார். மற்றது கிடைக்கவே இல்லை.

பெட்டியை ஏற்றியது எந்த நாடு? சண்டையெல்லாம் அதில்தான். கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு என்றது நம் அரசாங்கம். அந்த நாட்டு உளவாளி ஒருவனைப் பிடித்து, "எங்கள் அரசு சொல்லித்தான் ஏற்றினேன்" என்று அவன் சொல்வதை டிவியில் காட்டினார்கள். அவன் ஜெயிலிலேயே செத்தும் போனான். அடித்துச் சொல்ல வைத்தீர்கள் என்றது அந்த நாடு. குடும்பங்கள் இரண்டு கட்சியாக உடைந்தன. அவன் சொன்னது சத்தியம் என்ற கட்சிக்கு உடும்பு தலைவர். அத்தனையும் பொய், செய்தது இன்னொரு நாடு, அதைக் காப்பாற்றுகிறார்கள் என்ற கட்சியில், மனைவியைப் பறிகொடுத்த மருமகன். அவன் பஸ் டிரைவர்.

"டிவியில அவன் கையைப் பாத்தீங்களா மாமா? ஒரு விரல்லயும் நகம் இல்ல. அந்த நிலைமைல சந்திரனை உடைச்சது யாருன்னு கேட்டாலும் நான்தான்னு சொல்லியிருப்பான்."

"செய்யாதவன் வாயில அந்த வார்த்தை வராதுடா."

"உங்களுக்குக் கெட்டியாப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும். எவனா இருந்தா என்ன?"

அதற்குத்தான் அந்த அடி. மருமகன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். எழுந்தவன் அதே நாற்காலியை மாமனார் தோளில் இறக்கினான். உடும்பின் கட்சியைச் சேர்ந்த ரொட்டிக்கடைக்காரர் மேசை மேல் ஏறிக் குதித்தார். பிரித்துவிட வந்தவர்களுக்குத்தான் அதிகம் விழுந்தது.

இப்படியே முப்பது வருஷம் ஓடியது, இன்னும் ஓடியிருக்கும். ஆனால் இரண்டு அரசாங்கங்களும் திடீரென்று ராசியாகிவிட்டன. அந்த நாட்டில் எண்ணெய் இருக்கிறது, நம்மிடம் கப்பல் இருக்கிறது. நடுவில் கிடந்த பிணங்களை ஓரம் தள்ள வேண்டியிருந்தது. அவர்களுடைய தூதர் வந்து ஓர் அறிக்கை படிப்பாராம், குடும்பங்களின் சார்பில் ஒருவர் கைகுலுக்குவாராம், போட்டோ எடுப்பார்களாம். அதைச் சொல்ல ஓர் அதிகாரி டயர் கடைக்கே வந்து, உட்கார இடமில்லாமல் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"நீங்கதான் அவங்களை அதிகமாத் திட்டினவர். நீங்க கை கொடுத்தா எல்லாரும் அடங்கிடுவாங்க."

"அறிக்கையில என்ன இருக்கு?"

"எங்கள் அலுவலர்களின் செயல்களுக்குப் பொறுப்பேற்கிறோம்."

"செஞ்சோம்னு இருக்கா?"

அதிகாரி பேண்டில் ஒட்டிய கரியைத் தட்டினார். "பொறுப்பேற்கிறோம்னு இருக்கு ஐயா."

"என் கடைல போட்ட டயர் வெடிச்சா நானும்தான் பொறுப்பு ஏத்துக்குவேன். வெடி வச்சேன்னு அர்த்தமா? 'நாங்கதான் செஞ்சோம்'னு ஒரு வார்த்தை அந்தாளு வாயால என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் கை என்ன, காலையே கொடுக்குறேன்."

முதலில் தனி அறையில் சந்திப்பது, பிறகு கூடத்தில் போட்டோ என்று முடிவாயிற்று. மருமகனையும் கூட அழைத்தார் உடும்பு. அவன் காதில் அந்த வார்த்தை விழ வேண்டும், அதுதான் அவருக்கு முக்கியம்.

அரசு விருந்தினர் மாளிகையில் ஒரு பக்கத்து அறை. சோபா, கண்ணாடி மேசை, ஆறிக்கொண்டிருக்கும் டீ. தூதருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். காவலர்களை வெளியே நிறுத்திக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினார்.

"தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன்."

உடும்பு கையைப் பிடித்தார். "செஞ்சீங்களா?"

"எங்கள் அலுவலர்களின் செயல்களுக்கு எங்கள் அரசு..."

"அது எனக்குத் தெரியும். செஞ்சீங்களா, இல்லையா?"

"...பொறுப்பேற்கிறது."

உடும்பு இறுக்கினார். தூதரின் முகம் முதலில் சிரித்தது, பிறகு புரிந்துகொண்டது. கத்த வாய் திறந்தபோது உடும்பின் இடது முழங்கை அவர் தொண்டையில் இறங்கியது. இருவரும் சோபாவில் சரிந்தார்கள். மேசை உடைந்தது. மருமகன் பாய்ந்து உடும்பின் இடுப்பைக் கட்டி இழுத்தான்.

"விடுங்க மாமா! செத்துடுவான்!"

உடும்பு பின்னந்தலையால் அவன் மூக்கில் மோதினார். அவன் கண்ணாடிச் சில்லுகள் மேல் போய் விழுந்தான். உடும்பின் கைக்குள் தூதரின் விரல் ஒன்று காய்ந்த குச்சிபோல் முறிந்தது. தூதரின் கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது. உடும்பு தொண்டையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார்.

"செஞ்சோம்," என்றார் தூதர். புத்தகப் பேச்சு எங்கேயோ போய்விட்டது. "நாங்கதான் செஞ்சோம்."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. உடும்பின் உடம்பெல்லாம் சூடேறியது. "கேட்டியாடா மாப்ளே?" என்று கத்தினார். மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் ஒழுகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். பசி ஏறியவனுக்கு ஒரு வாய் போதுமா? இன்னும் இறுக்கினார்.

"யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"தலைவர்... எங்க தலைவர்."

"பெட்டியை ஏத்துனது யாரு? டிவியில வந்த அவன்தானே?"

"ஆமா, அவன்தான்."

"வேற யாரு? கூட இருந்தது யாரு?"

இன்னொரு விரல் முறிந்தது.

"நான்! நானும்தான்! நான்தான் ஏத்தினேன்! விடுங்க!"

விமானம் விழுந்த வருஷம் இந்த மனிதனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்காது. உடும்புக்குக் கை தன்னால் தளர்ந்தது. கையை விட்ட பிறகும் தூதர் சோபாவின் மூலையில் சுருண்டு, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேள்வி கேட்காமலே சொன்னார். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

காவலர்கள் கதவை உடைத்து நுழைந்து உடும்பைத் தரையில் போட்டு விலாவில் மிதித்தார்கள். பின்னால் வந்த அதிகாரிதான் தடுத்தார். வெளியே கேமராக்காரர்கள், கூடம் நிறைய ஆட்கள். அதிகாரியும் தூதரின் செயலாளரும் மூலையில் நின்று குசுகுசுவென்று பேசி முடித்தார்கள்.

"கதவுல கை மாட்டிக்கிச்சு," என்றார் அதிகாரி எல்லோருக்கும் பொதுவாக. "புரிஞ்சுதா? கதவுல மாட்டிக்கிச்சு. போட்டோவுக்கு இடது கை போதும்."

ஆள் சாகக் கிடந்தாலும் போட்டோ எடுத்துவிடுவார்கள். தூதரின் வலது கையைத் துணியால் சுற்றிக் கோட்டுப் பைக்குள் நுழைத்தார்கள், முகத்தைக் கழுவிவிட்டார்கள். உடும்பை இரண்டு பக்கமும் பிடித்து மேடையில் நிறுத்தினார்கள். தூதரின் இடது கையை அவர் கைக்குள் வைத்தார்கள். உடும்பு அதை மெல்லத்தான் பிடித்தார்.

முன் வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். "கேட்டீங்களா அண்ணே? ஒத்துக்கிட்டானா?"

மைக்குகளெல்லாம் உடும்பின் வாய்க்கு வந்தன. ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

"ஒத்துக்கிட்டான்," என்றார் உடும்பு. "நான் கேட்டதுக்கெல்லாம் ஆமான்னான். இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தா என் கடைல டியூபைத் திருடினதும் அவன்தான்னு சொல்லியிருப்பான்."

"என்ன உளர்றீங்க? அவங்க செஞ்சாங்களா இல்லையா?"

"தெரியல."

"என்னது?"

"தெரியலடா! செஞ்சும் இருக்கலாம். எனக்குத் தெரியல!"

பிறகு முதல் நாற்காலி பறந்து வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் எறிந்ததல்ல, அவர்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். எறிந்தவர் ரொட்டிக்கடைக்காரர். இரண்டு மகன்களை அந்த விமானத்தில் கொடுத்தவர். "எவ்வளவுக்கு வித்தே? எங்க புள்ளைங்களை எவ்வளவுக்கு வித்தே?" என்று அழுதுகொண்டே மேடையேறி முகத்தில் குத்தினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். அதிகாரியும் தூதரும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

உடும்பு திருப்பி அடிக்கவில்லை. தலையைக்கூட மறைக்கவில்லை. மருமகன்தான் வீங்கிய மூக்கோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் மேல் கவிழ்ந்து விழுந்தான். உதைகள் இப்போது அவன் முதுகில் விழுந்தன.

"எழுந்திரிங்க மாமா! கையைத் தூக்குங்க! ரெண்டு பேரையும் கொல்லப் போறானுங்க!"

"நீ சொன்ன அந்த இன்னொரு நாடு," என்றார் உடும்பு அடியிலிருந்து, வாயெல்லாம் ரத்தமாக. "அது மட்டும் உனக்கு எப்படிடா தெரியும்? யார் சொன்னா?"

மருமகன் வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு பூட்ஸ் கால் அவன் காதில் இறங்கியது.