உப்புப் போட்ட குளிர்

1998ஆம் வருஷம் ஏப்ரல் 22, புதன்கிழமை, ஆம்பூர் துத்திப்பட்டு ரோட்டில் முனீர் அகமதுவின் டேனரி முற்றத்தில் ஒரு கண்டெய்னருக்குள் அடைக்கப்பட்ட குளிர் பதினோரு வருஷம் கழித்தும் கெடாமல் இருந்தது. அந்த வாரம் பாலாற்றில் வழக்கம்போலத் தண்ணீர் இல்லை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் குதிரை மிரண்டு மாப்பிள்ளையைக் கீழே தள்ளியது. குளிர் சங்கதியை ஊர் இந்த இரண்டோடும் சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

அந்தக் குளிருக்கு உப்புப் போட்டவர் முனிரத்தினம். ஒடுகத்தூரில் வேர்க்கடலைக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதில் டேனரிக்கு வந்தவர். பச்சைத் தோல் வந்து இறங்கியதும் அழுகிவிடாமல் இருக்க அதன்மேல் உப்பு இறைப்பதுதான் அவர் வேலை. பார்க்கிறவனுக்கு அது பெரிய வித்தையாகத் தெரியாது. ஒரு கை அள்ளி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசுவார், தோலின் ஓரம்வரை ஒரே கனத்தில் போய் விழும். மறுநாள் காலையில் உள்ளங்கையைத் தோல்மேல் வைத்து, கண்ணை மூடி, ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: “பிடிச்சிருச்சு.” அவர் அப்படிச் சொன்ன தோல் ஒன்றுகூட அழுகியதில்லை. முனிரத்தினம் உப்புப் போட்டால் கெடாது என்று ராணிப்பேட்டை வரைக்கும் தோல் வியாபாரிகளிடம் பேச்சு இருந்தது. அவருக்கு வீடு வாசல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, இந்தப் பேச்சுதான் சொத்து. கழிவுநீர்ப் பிரச்சினையில் டேனரியை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது அந்தச் சொத்தையும் சேர்த்துத்தான் பூட்டினார்கள்.

நாற்பத்து மூன்று பேர் வேலை இல்லாமல் நின்றார்கள். முனீர் பாய் இரண்டு வருஷம் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, சாத்துக்குடியை வெளிநாட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னபோது, மனிதருக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆந்திர எல்லையிலிருந்து பழம் வந்து இறங்கியது. தோல் அளந்த மேசைகளில் பெண்கள் பழம் பொறுக்கினார்கள். முனிரத்தினத்தின் மனைவி கோவிந்தம்மாளும் அதில் ஒருத்தி. நாற்பது வருஷத் தோல் நாற்றத்துக்கு மேலே சாத்துக்குடி வாசனை ஒரு வாரம் போராடிப் பார்த்து, கடைசியில் அதுவே ஜெயித்தது. துறைமுகத்திலிருந்து ட்ரெய்லரில் வெள்ளைக் கண்டெய்னர் வந்தது. அதன் ஒரு முனையில் குளிரூட்டும் எந்திரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ரஷீத் அஹமது என்கிற மெக்கானிக்கும், சோதனை செய்து கையெழுத்துப் போட விஜயகுமாரி என்கிற ஆபீசரம்மாவும் வந்தார்கள்.

விஜயகுமாரிக்குப் பேச்சு கம்மி. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. அந்த அம்மாள் எல்லோரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். பழ ஈ தோலுக்குள் முட்டை வைத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வாங்குகிற தேசத்துக்குப் பழம் வேண்டும், புழு வேண்டாம். மருந்தும் அடிக்கக் கூடாது. அதனால் பதினாறு நாள் பழத்தின் நடுவயிறு இரண்டு டிகிரிக்கு மேலே போகாமல் குளிரில் கிடக்க வேண்டும். புழு சாகும், பழம் சாகாது. மூன்று பழங்களின் நெஞ்சில் குளிரை அளக்கும் மூன்று ஊசி குத்தி வைத்திருக்கும், அந்த ஊசி சொல்வதை வெளியே உள்ள பேட்டரிப் பெட்டி காட்டும். முதல் சரக்கு என்பதால் கப்பல் ஏறுமுன்பே இது முடிந்தாக வேண்டும். “நடுவுல ஒரு நாள் குளிர் விட்டுப்போனாலும் புழு பிழைச்சுக்கும். அப்புறம் எத்தனையாவது நாளா இருந்தாலும் சரி, ஒண்ணாம் நாள்லேர்ந்துதான் எண்ணணும்” என்றார். பதினேழாம் நாள் கப்பல். அது தவறினால் அடுத்த கப்பலுக்குள் பழம் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. பழம் போய்விட்டால் முனீர் பாய்க்கு இன்னொரு கண்டெய்னர் ஏற்றத் தெம்பு கிடையாது, நாற்பத்து மூன்று பேரும் மறுபடி தெருவில்தான்.

ஊசிகள் பொய் சொல்லாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். நசுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த வாளியில் விட்டால் ஊசி பூஜ்யம் காட்ட வேண்டும். ஐஸ் நசுக்கி வாளியைக் கொண்டுவரச் சொல்லி முனிரத்தினத்தை அனுப்பினார்கள். அவர் நசுக்கினார், தண்ணீர் ஊற்றினார், தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் பழைய உப்பு மூட்டை ஒன்று இரண்டு வருஷமாக வாய் திறந்தபடி மூலையில் கிடந்தது. உப்பு மூட்டையைத் தாண்டிப் போகும்போது அந்தக் கை சும்மா போனதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு கை அள்ளி, ஒரு சுழற்றுச் சுழற்றி வாளிக்குள் இறைத்தது. முனிரத்தினத்துக்கே அது தெரியாது. அவர் அப்போது அந்த ஆபீசரம்மா சொன்ன புழுவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். உப்புச் சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி இறங்கியது. மூன்று ஊசியும் ஒரே மாதிரி நாலு குறைத்துக் காட்டுவதைப் பார்த்து, ட்ரெய்லர் குலுக்கலில் பெட்டி அசைந்திருக்கும் என்று சொல்லி ரஷீத் திருகைத் திருப்பிப் பூஜ்யத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து பெட்டி உண்மையைவிட நாலு டிகிரி கூட்டியே காட்டியது. கதவை மூடினார்கள். ஷெட் சுவரில் முனீர் பாய் தன் கையால் சாக்பீஸில் 1 என்று எழுதினார்.

நாலாம் நாள் மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது கோவிந்தம்மாள் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நிறுத்தினாள். “இன்னாங்க, விரல் இடுக்குல உப்பு பூத்துக் கெடக்குது? தோல் ஷாப்ப மூடி ரெண்டு வருஷம் ஆவுதே” என்றாள். முனிரத்தினம் எழுந்து போய் மூட்டையைப் பார்த்தார். இறுகிக் கிடந்த பழைய உப்பின் நடுவே இரண்டு குழி இருந்தது. அவர் கையை வைத்துப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது. வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ஊசி பொய் சொல்கிறது, உள்ளே பழம் உறைந்து கல்லாகியிருக்கும். சொன்னால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், கப்பல் போய்விடும். சொல்லாவிட்டால் கல்லாய்ப் போன பழம் கடல் தாண்டிப் போய் மானத்தை வாங்கும். ஆயுசில் முதல் தடவையாக அவர் போட்ட உப்பு தப்பாகப் போயிருந்தது. அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

சுவரில் 13 எழுதிய அன்று கத்திரி பிறந்தது. காலை பதினோரு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள், அரை மணி நேரம் இருமிவிட்டு அதன் தண்டு முறிந்தது. வேறு ஜெனரேட்டருக்கு ஜோலார்பேட்டை வரை ஆட்கள் போய் வெறுங்கையோடு வந்தார்கள். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று ஊசி ஏறுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். ஊசி ஒன்றில் நின்றது. சாயங்காலமும் ஒன்றில் நின்றது. மறுநாள் தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டியது, ஊசி ஒன்றிலேயே நின்றது. ரஷீத் பெட்டியைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கினார், எந்திரத்தின்மேல் காதை வைத்துக் கேட்டார். எந்திரம் செத்த மாடு மாதிரிக் கிடந்தது. “பாய், கரண்டே இல்லாம குளிருது. நான் இருவது வருஷமா இந்த வேலை பாக்கறேன், எனக்கே பேஜாரா இருக்குது” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பழப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போன மூன்றாம் நாள் கண்டெய்னரின் வெளிச்சுவர் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லோரும் பனி என்றார்கள். முனிரத்தினம் மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் கண்டெய்னர் சுவரில் வைத்தார், கண்ணை மூடினார். இருபத்திரண்டு வருஷம் தோலில் பார்த்த அதே நிதானம், அதே இறுக்கம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. உப்பு பிடித்திருந்தது. தோலுக்குப் பிடிப்பதுபோலக் குளிருக்குப் பிடித்திருந்தது. இனி இது கரையாது, அழுகாது. இவ்வளவு பெரிய காரியம் தன் கையால் நடந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, இது தப்பில் பிறந்தது என்று அழுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

பதினாறாம் நாள் விஜயகுமாரி காகிதங்களோடு வந்தார். நாற்பத்து மூன்று பேரும் குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். முனீர் பாய் வாணியம்பாடியிலிருந்து மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தார். ஆபீசரம்மா பேனா மூடியைத் திறந்தார். அப்போது முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், “அம்மா, போடாதீங்க. அந்த வாளியில நான் உப்பு போட்டுட்டேன்” என்றார்.

“இன்னாய்யா சொல்ற?” என்று முனீர் பாய் கேட்ட குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. முனிரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார், நாலாம் நாளே தெரியும் என்பதையும் சொன்னார். விஜயகுமாரி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு, “இன்னொரு வாளி கொண்டாங்க. நீங்களே கொண்டாங்க” என்றார். முனிரத்தினம் ஐஸ் நசுக்கிக்கொண்டு நடந்துவந்தபோது மூட்டை வந்ததும் கை தானாக நீண்டது. கூடவே நடந்துவந்த கோவிந்தம்மாள் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாளி வந்து சேரும்வரை விடவில்லை. அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஊசிகளைச் சரிசெய்து மறுபடி குத்தியபோது பழத்தின் நடுவயிறு பூஜ்யத்துக்கும் கீழே மூன்று என்று காட்டியது. அந்தக் குளிரில் சாத்துக்குடி கல்லாக வேண்டும். விஜயகுமாரி ஒரு பழத்தை எடுத்து அறுத்தார், சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது பழத்தில் ஒரு புழு இருந்தது, செத்துப்போய். ரஷீத் மெதுவாக, “மேடம், இன்னும் ஜாஸ்தி குளிர்லதானே இருந்திருக்குது? நல்லதுதானே?” என்று கேட்டார். “ரெண்டுக்கு மேல போகக் கூடாதுன்னுதான் ரூல், கீழ போனா கேக்கறதுக்கு ரூல் இல்ல. ஆனா நாம நாளை எண்ணினது ஊசிய நம்பி. ஊசி சுத்தமில்லன்னா இந்தப் பதினாறுல ஒரு நாளும் நாளில்ல” என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த 16ஐத் தன் முந்தானையால் துடைத்தார். மறுநாள் காலை முனீர் பாய் 1 என்று எழுதினார். அந்த அம்மாள் ஊருக்குப் போகவில்லை, வேலூரில் அக்கா வீட்டில் தங்கித் தினமும் பஸ்ஸில் வந்தார்.

கப்பல் போனது. அடுத்த பதினாறு நாளும் முனிரத்தினம் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீக் குடிக்கும்போது பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. முனிரத்தினம் உப்புப் போட்டால் என்று எவனோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். கரண்ட் வந்த பிறகும் ரஷீத் எந்திரத்தைப் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. முனிரத்தினம் காலையிலும் சாயங்காலமும் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். பயம் பத்தாம் நாளுக்கு மேல் குறைந்தது, பன்னிரண்டாம் நாள் முனீர் பாய் வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொன்னார். மே 23, சனிக்கிழமை கதவைத் திறந்தபோது உள்ளே இருந்த பழங்கள் காம்பில் பச்சை மாறாமல், அன்று காலை பறித்தவைபோல இருந்தன. ஒன்றுகூட அழுகவில்லை. பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். விஜயகுமாரி கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில் எல்லோரும் ஒன்றுமில்லை என்று எழுதுவது வழக்கம். அவர் கொஞ்சம் யோசித்து, உப்புப் போடப்பட்டது என்று எழுதினார்.

அடுத்த கப்பலில் பிளக் குத்தாமலே அந்தக் கண்டெய்னர் போய்ச் சேர்ந்தது. பழம் வாங்கினவர்கள் இன்னும் கேட்டார்கள், சாதாரணக் கண்டெய்னர்களில் அனுப்பினார்கள். நாற்பத்து மூன்று பேர் இரண்டு வருஷத்தில் நூற்றுப் பத்து ஆனார்கள். முதல் கண்டெய்னரைத்தான் யாராலும் சூடாக்க முடியவில்லை. வெயிலில் திறந்து போட்டார்களாம், வெந்நீர் பீய்ச்சினார்களாம், வெந்நீர்தான் ஆறியதாம். துணி ஏற்றினால் விறைத்தது, பொம்மை ஏற்றினால் விரிசல் விட்டது. கப்பல் கம்பெனி சலித்துப்போய் 2000த்தில் அதை ஆம்பூருக்கே திருப்பி அனுப்பியது. அது பழைய இடத்திலேயே இறங்கியது. அதன்பிறகு கல்யாணத்துக்கு மல்லிகை அங்கேதான் வைத்தார்கள், பக்ரீத் கறி வைத்தார்கள். 2008இல் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது சர்க்கரைக்காரர்களின் ஊசி மருந்தும் குழந்தைகளின் தடுப்பு மருந்தும் அங்கே உறையாமல் இருந்தன. கதவை எத்தனை தடவை திறந்தாலும் குளிர் குறையவில்லை. இட்லி மாவு மட்டும் ஆகாது. கோவிந்தம்மாள் ஒரு குண்டான் மாவு வைத்துவிட்டு மறந்து ஏழு மாதம் கழித்து எடுத்தாள், அன்று அரைத்த மாதிரி இருந்தது, புளிக்கவேயில்லை என்று ஒரு வாரம் புலம்பினாள்.

2009 மே 8, வெள்ளிக்கிழமை, ரிட்டயர் ஆகியிருந்த விஜயகுமாரி ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே டேனரிக்கும் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பழைய ஊசியை எடுத்துக் காட்டி, ஒரு வாளி ஐஸ் கிடைக்குமா என்று கேட்டார். முனிரத்தினம் நசுக்கிக்கொண்டு வந்தார். மூட்டையைத் தாண்டும்போது தன் வலது மணிக்கட்டை இடது கையால் தானே பிடித்துக்கொண்டார், அது இப்போது பழக்கமாகிவிட்டிருந்தது. வாளியில் ஊசி பூஜ்யம் காட்டியது. கண்டெய்னருக்குள் பூஜ்யத்துக்கும் கீழே மூன்று. விஜயகுமாரி அந்தக் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, “இது இன்னும் எத்தனை நாளைக்குங்க இருக்கும்?” என்று கேட்டார்.

முனிரத்தினம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கண்ணை மூடினார்.

“பிடிச்சிருச்சும்மா” என்றார்.

வெளியே டீ பெஞ்சில் இருந்த ஒருவன் யாரும் கேட்காமலே, “முனிரத்தினம் உப்பு போட்டா கெடாது மேடம்” என்று முழுவதையும் சொல்லி முடித்தான். முனிரத்தினத்தின் கண் கலங்கியதை விஜயகுமாரி பார்க்காத மாதிரிக் கண்ணாடியைத் துடைத்தார். கோவிந்தம்மாள் கதவைச் சாத்தச் சொன்னாள், ஈ உள்ளே போய்விடுமாம். சுவரில் நேற்றைய நம்பர் இருந்தது, மறுபடி 1 எழுதிய அன்றிலிருந்து முனிரத்தினம் ஒரு நாளும் விடாமல் எண்ணி வந்தது. முனிரத்தினம் அதைத் துடைத்துவிட்டு 4019 என்று எழுதி, சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டு டீக் குடிக்கப் போனார்.