நடுவில் நிற்க வேண்டிய குரல்

சிவப்பு வயரும் கறுப்பு வயரும் பெனடிக்டின் விரல்களில் தொங்குகின்றன, இடது பக்க ஸ்பீக்கர் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டபடி அவர் சென்னியப்பனை நிமிர்ந்து பார்க்கிறார், பெனடிக்ட் ஸ்பீக்கர் கடைக்காரர், புதிதாக ஒரு ஜோடி விற்க வந்தவர், வீட்டிலிருக்கும் பழையதை ஒருமுறை கேட்காமல் யாருக்கும் புதியது விற்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருப்பவர், அந்தப் பாழாய்ப்போன கொள்கையை இன்று ஒரு நாள் அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று சென்னியப்பனுக்குத் தோன்றுகிறது. இந்தப் பக்கம் மாத்திக் குடுத்திருக்குதுங்க சார், என்கிறார் பெனடிக்ட், குரலைத் தாழ்த்தி, செவப்பு வர்ற எடத்துல கறுப்பு, அந்தப் பெட்டி மூச்சை வெளிய விடறப்ப இந்தப் பெட்டி உள்ள இழுக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது, அதனாலதான் கனமான பாஸ் சத்தமும் வரல, பாடறவரு நடுவுல வந்து நிக்கவும் மாட்டேங்கறாரு, எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க.

எத்தனை நாளாக. இருபத்தாறு வருஷம் என்று எந்த வாயால் சொல்வது, அந்த வயர் நுனியில் இருக்கும் சிவப்பு டேப் சென்னியப்பன் தன் கையாலேயே ஒட்டியது, இடம் மாற்றி ஒட்டியது, பிறகு வயரை மாற்றினார், இன்னும் தடித்த வயர், அதிலும் பழையதைப் பார்த்துப் பார்த்து அப்படியே டேப் ஒட்டி மாட்டினார், ஆம்ப்ளிஃபயர் இரண்டு முறை மாறியது, ஜன்னலுக்குக் கனத்த திரை வந்தது, பாஸ் வரவில்லை என்று பீரோவை இடம் மாற்றி மாற்றி இடுப்பு பிடித்துக்கொண்டது, வீட்டிலிருந்த எல்லாவற்றின் மேலும் பழி போட்டாயிற்று, டேப்பின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை, பம்ப்செட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் மோட்டார் ஓடுவதைக் காதால் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொன்னவர் ஒட்டிய டேப்பை யார் சந்தேகப்படுவார்கள். போன வாரம்கூடப் பெனடிக்டின் பீளமேட்டுக் கடையில் சென்னியப்பன் மாப்பிள்ளை மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு ஜோடியாக வைக்கச் சொல்லி, இது காதைக் குத்துகிறது, இது ஊதுபத்திக் கூடு மாதிரி ஒடிசலாக இருக்கிறது, எனக்கு அந்தக் காலத்துப் பாணியில், அகன்ற நெஞ்சும் வால்நட் மரமும் துணி முகமுமாய், பாஸுக்கென்று பன்னிரண்டு அங்குல வூஃபரோடு வேண்டும் என்று பேசிக்கொண்டே போய், கடைசியில் வந்த ஜோடியின் மரத்தைத் தடவிப் பார்த்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, இதுதான் என்று முடிவுசெய்து, அந்தச் சந்தோஷத்தில் அந்தக் கதையையும் எடுத்துவிட்டார், கல்யாண வீடுகளில், கம்பெனி விருந்துகளில், சம்பந்தி வீட்டில் என்று சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப் போன கதை, நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்த அன்றைக்கு எங்க வீட்டு அம்மிணி சொன்னதைக் கேளுங்க என்று தொடங்கும். பெனடிக்ட் சிரித்தார். மரியாதைக்குச் சிரித்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

பெட்டி வாங்கி வைத்த அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, இல்லை, ஆயுத பூஜைக்கு மறுநாள், கம்பெனி லீவு, டெஸ்டிங் செக்‌ஷன் ஆட்கள் நாலு பேர் இதே அறையில் பொரியைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பெட்டிகளிலிருந்து புது மரவாசனை வருகிறது, பாட்டு ஓடுகிறது, சென்னியப்பன் கண்ணை மூடித் தலையாட்ட நாலு பேரும் தலையாட்டுகிறார்கள், அவர் மனைவி சிந்தாமணி தட்டில் நறுக்கிய பழத்தோடு உள்ளே வருகிறாள், அப்போது முப்பத்து மூன்று வயது, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருக்கும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், தட்டைக் கீழே வைக்க மறந்து போகிறாள், பிறகு சொல்கிறாள், ஏனுங்க, பாடறவரு நம்மூட்டுக்குள்ள இல்லீங்களே, செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடறாப்பல இருக்குதுங்க. அவள் சொன்னது சரி என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்தது, அதைத்தான் சொல்ல வேண்டும், அவர் காதுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது, எழுந்து போய்ப் பின்பக்கம் ஒருமுறை பார்த்து இரண்டு வயரைத் திருப்பி மாட்டியிருந்தால் முடிந்திருக்கும், ஆனால் நாலு பேருக்கு முன்னால், பொண்டாட்டி சொல்லி எழுந்து போவதா, அவர் சொன்னார், நீ குக்கர் விசில எண்ணு அம்மிணி, உங்காதுக்கு அது போதும். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், புருஷன் சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்காமல் நின்றால் அவருக்குத்தான் தலைகுனிவு என்று சிரித்தாள், தட்டை வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அறைக்குப் பெருக்கவும் துடைக்கவும் மட்டுமே வந்தாள், பாட்டு ஓடும்போது காபி கொண்டுவந்தால் நிலைப்படியிலேயே நின்று கையை நீட்டுவாள்.

எந்தக் காதை அப்படிச் சொன்னோம் என்று சென்னியப்பன் நினைத்துப் பார்க்கிறார். கல்யாணமான புதிதில் திருப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டு விசேஷம், பந்தலில் மைக் செட்டு அலறுகிறது, இந்த ரெக்கார்டு கொஞ்சம் மெதுவா ஓடுதுங்க, அந்தம்மா கொரல் இத்தனை கட்டையா இருக்காது என்று சிந்தாமணி அவர் காதோடு சொன்னாள், அவர் போய் மைக் செட்டுக்காரனிடம் கேட்டார், அவன் எதையோ திருகிப் பார்த்துவிட்டு, ஆமாங்க, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க என்றான், நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார், சொல்லிவிட்டுத்தான் வந்தார், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போதெல்லாம் மாவு பிசையும்போது வானொலியோடு சேர்ந்து முனகுவாள், பாடுவது யாரென்று முதல் எழுத்திலேயே சொல்லிவிடுவாள், அந்த முனகல் எப்போது நின்றது, இந்த வீட்டில் ஒரு ஃபேனில் கிர்ரென்று சத்தம் வந்தால் தூக்கத்திலும் எழுந்துகொள்கிறவருக்கு அது நின்றது மட்டும் கேட்கவே இல்லை.

பெனடிக்ட் வயர்களை மாற்றி மாட்டிவிட்டார், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு பாட்டைத் திரும்ப வைக்கிறார், அதே பெட்டிகள், அதே பாட்டு, குரல் வருகிறது, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஓர் ஆள் வந்து நின்று மூச்சு வாங்கிப் பாடுகிறார், மிருதங்கத்தின் இடந்தலை முழக்கம் தரையில் அதிர்ந்து உள்ளங்காலில் ஏறுகிறது, இத்தனை வருஷம் இது இங்கேயே இருந்திருக்கிறது. இதுவே நல்ல பெட்டிதானுங்க சார், என்கிறார் பெனடிக்ட், பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்னிக்குக் கடையில அம்மா சொன்னதா ஒண்ணு சொன்னீங்களே என்று தொடங்கியவர் பாதியில் விழுங்கிக்கொள்கிறார், மனுஷன் பொல்லாதவர் இல்லை, அந்த வால்நட் ஜோடி வேணும்னா நாளைக்கே எறக்கிடறனுங்க, புதுப் பெட்டி வந்ததால நல்லா கேக்குதுன்னு ஆயிருமுங்க, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வியாபாரமா கருணையா என்று தெரியாத பேச்சு, ஆனால் அதற்குள் ஒரு பெரிய கதவு திறந்திருக்கிறது, நாளைக்குப் புது ஜோடி, கேட்டியா அம்மிணி, நல்ல பெட்டின்னா இப்படித்தான் என்று ஒரு வார்த்தை, எல்லாம் மூடிப்போய்விடும், அந்தக் கதையை மட்டும் இனி சொல்லாமல் இருந்தால் போதும், சென்னியப்பன் சரி என்று தலையை ஆட்டக்கூடச் செய்தார்.

அப்போதுதான் சிந்தாமணி வந்தாள், இரண்டு டம்ளர் காபியோடு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள், கையை நீட்டாமல் நின்றாள், நடுச்சுவரையே பார்த்தாள், முப்பத்து மூன்று வயதில் பார்த்தாளே அப்படி, புதுசு வந்துருச்சுங்களா என்று கேட்டாள். ஆமாம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெனடிக்ட் போன பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது, ஆனால் அன்றைக்குத் தனியாகவா சொன்னோம், நாலு பேருக்கு முன்னால் அல்லவா சொன்னோம், இல்லம்மிணி, என்றார், அதே பெட்டிதான், வயரை நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன், அன்னிக்கு நீ சொன்னது நெசம், எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சுதான் உன்னய அப்படிப் பேசுனேன். பெனடிக்ட் தன் காபியை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடுகிறவர் போல வாசலுக்குப் போய்விட்டார். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார், அழுவாள் என்றுகூட, அழுதால் நன்றாக இருக்கும் என்றுகூட, அவளுக்கோ ஆச்சரியம்தான் வந்தது, அப்படீங்களா, என்றாள், எனக்குப் பாட்டுக் கேக்கத் தெரியாதுன்னு நானும் நம்பிட்டனுங்க.

உள்ளே வந்து உக்காரு என்றார். நான் உக்காந்து என்னங்க சொல்றது, என்றாள், பரீட்சைக்குக் கூப்பிட்டது போலப் பதறி. ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா கேளு என்று தன் நாற்காலியை, இரண்டு பெட்டிகளுக்கும் சரிநடுவே அளந்து போட்டிருந்த அந்த நாற்காலியை, அவள் பக்கம் நகர்த்தினார், அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதன் விளிம்பில் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில் நின்றார், குரல் இரண்டு பேருக்கும் எதிரே வந்து நின்று பாடியது, ஓரிடத்தில் மேலே ஏறி அங்கேயே அசையாமல் நின்றது, தெரிந்தவர்கள் தலையசைக்கிற இடம், தெரியாதவர்களும் அசைத்துவிடுகிற இடம், சென்னியப்பன் அவள் தலையைப் பார்த்தார், அது அசையவில்லை. அந்த இடம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவள் அவருடைய முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.