இடது ஓரம்

"கண்ணாடி போட்டுவிடலாமாம்மா?" என்று ஈமச்சடங்குக்காரர் கேட்டதும் பூரணம் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். கணவரின் மூக்குக்கண்ணாடிக்கு அடியில், மடித்த கடை ரசீது ஒன்று இருந்தது.

அவளுக்குத் தெரிந்த ரசீதுதான். எழுத்துகளுக்குக் கீழே இருபது காசு நாணய அளவில் ஒரு கருவட்டம். சூடு பட்டால் ரசீதுத் தாள் கறுக்கும். அதனால் கணவர் குலசிங்கத்தின் ஆய்வகத்தில் லேசர் கற்றையை அதில்தான் சுட்டுப் பார்ப்பார்கள். சாப்பாட்டு மேசையில் அப்படி நூற்றுக்கணக்கான வட்டங்களை அவள் பார்த்திருக்கிறாள்.

கிலோமீட்டர் நீளமுள்ள துகள் முடுக்கியை ஓர் அறைக்குள் அடக்கும் வேலை என்பார். அதற்கு லேசர் நொடிக்கு ஒருமுறை சுட்டால் போதாது, நூறுமுறை சுட வேண்டும். சுடும், ஆனால் உள்ளிருக்கும் படிகம் சூடேறி, வட்டத்தின் இடது ஓரம் கடிபட்டதுபோல் மங்கிவிடும். ஆறு வருடமாக அந்த ஓரம்தான்.

போன செவ்வாய்க்கிழமை, அவருடன் வேலை பார்த்த பொறியாளர் ஷாஹித் இந்த ரசீதைக் கொண்டுவந்தார். இன்னும் சரியாகவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். படுக்கையில் இருந்தவர் கேட்டபோது, பூரணம் இடது ஓரத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள்.

"முழு வட்டம், பாருங்க."

அவர் வட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ம்ம். நல்லா இருக்கு," என்று ரசீதை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த விரல் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது ரசீதைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில், கோணல்மாணலாக அவர் கையெழுத்து: 'மூன்றாம் படிகம். பிடி இறுக்கம். சூட்டில் விரிய இடமில்லை. கால் சுற்று தளர்த்தவும்.'

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஷாஹித்தைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டுமுறை படித்தார்.

"மெஷின் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, அக்கா. ஆனா தூக்கற நேரத்துல நான்..."

"தூக்க ஆள் இருக்கு. நீங்க போங்க தம்பி."

மண்டாய் தகனக்கூடத்துக்குப் போகும் பேருந்தில் நாத்தனார் சந்திரமதி பொருமினாள். பதினைந்து வருடம் ஒன்றாக வேலை பார்த்த மனிதர், கடைசியில் நிற்கக்கூட இல்லையே என்றாள்.

"உங்க அண்ணன்தான் ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்கார்," என்றாள் பூரணம்.

தகனக்கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெட்டி மெல்ல நகரத் தொடங்கியபோது கைப்பேசி அதிர்ந்தது. ஷாஹித் அனுப்பிய படம். எழுத்து எதுவும் இல்லை. ஒரு ரசீது, ஒரு வட்டம். விரல்களால் பெரிதாக்கி இடது பக்கம் பார்த்தாள். ஓரம் முழுதாக இருந்தது.

பிறகு, படம் அந்தப் பக்கம் தெரியும்படி கைப்பேசியைக் கண்ணாடிச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். கட்டைவிரல் திரையில் படாமல் பார்த்துக்கொண்டாள்.