ஓடிக்கொண்டே தாவுவது

கணினி விசைப்பலகையில் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தட்ட விரல்கள் ஒத்துழைக்க வேண்டும். மரிசெலின் அண்ணன் ஓவிதியோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரொசாரியோ நகரத்து இறைச்சி ஆலையின் எந்திரம் ஒரு கையை வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த கையிலும் ஒரு விரல்தான் சொன்னபடி கேட்கும்.

கணினி விளையாட்டு செய்பவர்கள் எடுத்தாள்வதற்காக நண்பர்கள் சேர்ந்து ஒரு லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, எழுதியபோது, விசைப்பலகைப் பகுதி மரிசெலிடம் வந்தது. அண்ணனுக்காக அதில் ஒரு வசதி வைத்தாள். ஓடுவதற்கான விசையை ஒரு தட்டு தட்டினால் போதும். மறுபடி தட்டும்வரை அது அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அதை வைத்து அவனுக்கொரு விளையாட்டும் செய்து, லைப்ரரி புதிதானால் தானே மாற்றிக்கொள்ளும்படி அமைத்துக் கொடுத்தாள். திரையில் பொம்மை ஓடிக்கொண்டே பள்ளத்தைத் தாவிய நாளில் மாத்தே தேநீர் ஆறிப்போனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு கம்பெனி லைப்ரரிக்குப் பணம் போட வந்தது. சம்பளத்தோடு ஓர் ஆளை வைக்கலாம் என்றார்கள். கூட்டத்தில் எல்லார் கண்ணும் மரிசெல் மேல்தான்.

"இந்தத் தட்டிவிடுற சமாச்சாரத்தால ஒரே தொல்லை," என்றான் தலைமை தாங்கிய லியாந்த்ரோ. "இதை யாருப்பா யூஸ் பண்றா?"

மரிசெல் குனிந்து நோட்டைப் புரட்டினாள்.

"நீ எழுதினதுதானே? தூக்கிடலாமா?"

"தூக்கிடு," என்றாள். "யாரும் கேக்க மாட்டாங்க."

வேலை அவளுக்கே கிடைத்தது. அண்ணனை விற்றுவிட்டாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

லைப்ரரியின் புதுப் பதிப்பு வெளியான அன்று வீடு திரும்பியபோது ஓவிதியோ திரைமுன் குனிந்திருந்தான். பொம்மை ஓரடி வைத்து நின்றது. தாவியது, நின்ற இடத்திலேயே. இன்னும் ஓரடி வைத்துப் பள்ளத்தில் விழுந்தது.

"காலைலேருந்து இப்படித்தான் விழறான் இந்தப் பய," என்றான்.

"புதுசுல ஏதாவது கோளாறு இருக்கும்ணே. பழசைப் போட்டுத் தரவா?"

"சும்மா இரு. நீ எழுதினதுல கோளாறு வருமா? என் கைதான் மந்தமாயிடுச்சு."

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் விரலைத் தொடையில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டான்.

"கத்துக்கறேன், மரி. நாளைக்குப் பாரு," என்று மறுபடி தட்டினான்.